கண் இருண்டபோது கதை சொன்னவர்

கும்பகோணத்தில் ஒரு வீடு. அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருக்கும். கண்கள் திறந்திருக்கின்றன. ஆனால் எதிரில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பார்வை மங்கிப் போய்விட்டது.

பக்கத்தில் அவருடைய தங்கை. தங்கையின் கையில் பேனா. அண்ணன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்கிறார். தங்கை எழுதிக்கொண்டே போகிறார்.

அது கடிதம் அல்ல. வீட்டுக் கணக்கும் அல்ல. கதை!

அந்த அண்ணன்தான் கு.ப. ராஜகோபாலன். கு.ப.ரா. என்ற மூன்று எழுத்துக்களால் தமிழ் உலகம் அறிந்தவர். 'சிறுகதை ஆசான்' என்று பின்னால் வந்தவர்கள் போற்றியவர். எழுதிக் கொடுத்த தங்கை கு.ப. சேது அம்மாள்.

கு.ப.ரா. உயிரோடு இருந்தது 42 ஆண்டுகள்தான். நிலையான உத்தியோகம் இல்லை. சேர்த்து வைத்த சொத்தும் இல்லை. நோய் மட்டும் விடாமல் துரத்தியது. இருந்தாலும், அவரைச் சுற்றி ஓர் எழுத்தாளர் கூட்டமே உருவாயிற்று. அது எப்படி நடந்தது?

காவிரிக் கரையில்

கு.ப.ரா. 1902-ம் ஆண்டு ஜனவரி மாதம் கும்பகோணத்தில் பிறந்தார். தந்தை பட்டாபிராமய்யர். தாயார் ஜானகி அம்மாள். கும்பகோணம் என்பதில் உள்ள 'கு'வும், தந்தை பெயரில் உள்ள 'ப'வும் சேர்ந்துதான் 'கு.ப.' ஆயிற்று.

வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. கல்லூரியில் விரும்பிக் கற்றது வடமொழி. உலகக் கதைகளைப் படித்தது ஆங்கிலத்தில். ஆனால், தம் மனத்தில் இருந்ததைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட மொழி தமிழ்.

சிறு பிள்ளையாக இருந்தபோது குடும்பம் திருச்சிக்குப் போயிற்று. பள்ளிப் படிப்பு அங்கேதான். இளம் வயதிலேயே தந்தை காலமானார். குடும்பம் மறுபடியும் கும்பகோணம் வந்து சேர்ந்தது. ராஜகோபாலன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. படித்தார்.

அது பெயர் பெற்ற கல்லூரி. காவிரிக் கரையில் இருக்கிறது. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் பாடம் சொன்ன இடம் அது. கணித மேதை ராமானுஜன் படித்த இடமும் அதுதான்.

கும்பகோணம் இரட்டையர்

கும்பகோணத்தில் கு.ப.ரா.வுக்கு ஓர் அருமையான நண்பர் கிடைத்தார். அவர் ந. பிச்சமூர்த்தி. 1900-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி அதே ஊரில் பிறந்தவர். கு.ப.ரா.வை விட ஒன்றரை வயது மூத்தவர். சட்டம் படித்துக் கும்பகோணத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். பிற்காலத்தில் கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தார். நீண்ட தாடியுடன் முனிவர் போல இருப்பார்.

இரண்டு பேருக்கும் படிப்பில் ஆசை. இரண்டு பேருக்கும் எழுத்தில் பித்து. படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். எழுதப்போகும் கதையைப் பற்றிப் பேசுவார்கள். இவர்களுடைய நட்பைப் பார்த்தவர்கள் 'கும்பகோணம் இரட்டையர்' என்றே இவர்களை அழைத்தார்கள்.

நட்பு ஒன்றுதான். எழுத்து வேறு வேறு. பிச்சமூர்த்தியின் மனம் வாழ்க்கையின் பொருள் என்ன என்று தேடியது. கு.ப.ரா.வின் மனமோ வீட்டுக்குள்ளே நடப்பதைக் கவனித்தது. ஒருவர் வானத்தைப் பார்த்தார். மற்றவர் வாசற்படியைப் பார்த்தார்!

கண்ணில் விழுந்த திரை

படிப்பு முடிந்தது. கு.ப.ரா.வுக்குத் திருமணமும் ஆயிற்று. மதுரை ஜில்லாவில் உள்ள மேலூரில் தாலுகா ஆபீசில் கணக்கர் வேலை கிடைத்தது. சர்க்கார் உத்தியோகம் என்றால் அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா? மாதம் தவறாமல் சம்பளம் வரும். குடும்பம் நிம்மதியாக நடக்கும்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் இருந்த எண்கள் மங்கலாகத் தெரிந்தன. நாளடைவில் எதிரில் இருப்பவர்களின் முகமும் மங்கியது. காரணம், கண்புரை.

கண்ணுக்குள்ளே கண்ணாடி போன்ற ஒரு வில்லை இருக்கிறது. அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போகிறது. அந்த வில்லை பால்போல் வெளுத்துவிட்டால் பார்வை மறைந்துபோகும். அதுதான் கண்புரை. பொதுவாக வயதானவர்களுக்கு வரும். கு.ப.ரா.வுக்கு முப்பது வயதைத் தாண்டிய உடனேயே வந்துவிட்டது.

கணக்கு எழுதுகிறவருக்குக் கண் தெரியாவிட்டால் என்ன செய்ய முடியும்? வேலையை விட்டார். குடும்பத்துடன் கும்பகோணம் திரும்பினார்.

வேறு ஒருவராக இருந்தால் இடிந்துபோய் மூலையில் உட்கார்ந்திருப்பார். கு.ப.ரா. உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை. மனத்துக்குள்ளே கதைகளைக் கட்டினார். அவற்றை வாய்விட்டுச் சொன்னார். தங்கை சேது அம்மாள் எழுதினார்.

எழுதும்போது அடித்துத் திருத்தலாம். சொல்லும்போது அப்படி முடியாது. ஒரு வாக்கியத்தைச் சொல்லுமுன் அது மனத்தில் முழுசாக உருவாகிவிடவேண்டும். அவருடைய கதைகளில் வீண் சொல்லே இருக்காது என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருட்டில் உட்கார்ந்து சொல் சொல்லாகக் கோர்த்த அந்தப் பழக்கமும் அதற்கு உதவியிருக்கும் அல்லவா?

இதில் இன்னோர் அதிசயமும் உண்டு. அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிய தங்கையும் கதை எழுதும் கலையைக் கற்றுக்கொண்டார். பெண்கள் எழுத முன்வரத் தயங்கிய அந்தக் காலத்தில், கு.ப. சேது அம்மாள் தம் பெயரிலேயே சிறுகதைகளும் நாவல்களும் எழுதினார். அண்ணனுக்குக் கொடுத்த கை, தனக்கென்றும் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டது!

பிறகு கும்பகோணத்திலேயே கு.ப.ரா.வுக்குக் கண் சிகிச்சை நடந்தது. பார்வை திரும்பி வந்தது. ஆனால் தாலுகா ஆபீசுக்கு அவர் திரும்பிப் போகவில்லை. இனி எழுத்துத்தான் தொழில் என்று முடிவு செய்துவிட்டார். துணிச்சலான முடிவு. ஆபத்தான முடிவும்கூட!

மணிக்கொடி பறந்தது

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் 'மணிக்கொடி.' 1933-ம் ஆண்டு தொடங்கியது. கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் அதை ஆரம்பித்தார்கள். 1935-ம் ஆண்டில் பி.எஸ். ராமையா அதைச் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றினார்.

தமிழில் புதிய முறையில் கதை எழுதவேண்டும் என்று துடித்த இளைஞர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து புதுமைப்பித்தன் வந்தார். கும்பகோணத்திலிருந்து பிச்சமூர்த்தியும் கு.ப.ரா.வும் எழுதினார்கள். அப்போது கும்பகோணத்திலேயே வசித்த மௌனியும் எழுதத் தொடங்கினார். மௌனி கணிதம் படித்தவர். ஆயுள் முழுவதும் அவர் எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகளே. ஆனால் அந்தச் சில கதைகளே அவருக்கு நீங்காத பெயரைத் தந்தன.

மணிக்கொடியில் எழுதியவர்கள் பணக்காரர் ஆகவில்லை. பத்திரிகைக்கே பணம் இல்லை. பிறகு எதற்காக எழுதினார்கள்? நல்ல எழுத்தைக் கண்டு மகிழ நாலு நண்பர்கள் இருந்தார்கள். அது போதும் என்று எழுதினார்கள்.

என்ன எழுதினார்?

கு.ப.ரா. எண்பதுக்கும் மேற்பட்ட கதைகளை எழுதினார். ராஜா ராணி கதைகள் அல்ல. கொலை, கொள்ளை, துப்பறிதல் எதுவும் இல்லை. எல்லாம் நம் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் நடப்பவை.

'கனகாம்பரம்' என்ற கதையைப் பாருங்கள். கணவன் வீட்டில் இல்லாத நேரம். அவனுடைய சிநேகிதன் வருகிறான். மனைவி அவனிடம் பேசி, உள்ளே வரச் சொல்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிறு நிகழ்ச்சி மூன்று பேருடைய மனத்தையும் எப்படி அலைக்கழிக்கிறது என்பதே கதை. புதிய நாகரிகத்தை வாயால் புகழ்வது எளிது, மனத்தால் ஏற்பது கடினம் என்பதைக் கதை சொல்லாமல் சொல்லுகிறது.

'விடியுமா?' என்பது இன்னொரு கதை. ஒரு பெண்ணின் கணவன் சென்னை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஆபத்து என்று தந்தி வருகிறது. அவளும் அவளுடைய தம்பியும் இரவு ரெயிலில் புறப்படுகிறார்கள். உயிர் இருக்குமா, இருக்காதா? இரவு முழுவதும் அந்தக் கேள்வி அவர்களோடு பிரயாணம் செய்கிறது. பொழுது விடிவதற்குள் அந்தப் பெண்ணின் உள்ளத்தில் எத்தனையோ எண்ணங்கள் வந்து போகின்றன. தந்தி என்றாலே வீடு நடுங்கிய காலம் அது. அந்த நடுக்கத்தைக் கு.ப.ரா. அப்படியே எழுத்தில் பிடித்துவிட்டார்.

பெண்ணின் மனத்தை இவ்வளவு நுட்பமாக எழுதிய ஆண்கள் தமிழில் அவருக்கு முன்னால் மிகக் குறைவு. கணவனைப் பிரிந்தவள், விதவை, வயதானவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று வாய்திறந்து சொல்ல வழியில்லாத பெண்களின் ஏக்கத்தை அவர் எழுதினார். சிலர் முகம் சுளித்தார்கள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டார்கள். அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. அதே சமயம், ஒரு சொல்லைக்கூட அவர் கொச்சையாக எழுதவில்லை.

யாப்புக் கட்டில்லாத கவிதைகளும் எழுதினார். பிச்சமூர்த்தியும் அப்படி எழுதினார். பிற்காலத்தில் புதுக்கவிதை என்று ஒன்று தமிழில் வளர்ந்தது அல்லவா? அதற்கு விதை போட்டவர்களில் இந்த இரட்டையர் முக்கியமானவர்கள்.

பாரதிக்காக ஒரு வாதம்

1935, 1936-ம் ஆண்டுகளில் எழுத்தாளர்களிடையே ஒரு பெரிய விவாதம் கிளம்பியது. பாரதியார் மகாகவியா, இல்லையா? இன்று இப்படிக் கேட்டால் குழந்தைகூடச் சிரிக்கும். அப்போது பாரதியார் மறைந்து பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தேசியக் கவி என்று ஒப்புக்கொண்டவர்களில்கூட, மகாகவி என்று சொல்லத் தயங்கியவர்கள் இருந்தார்கள்.

கு.ப.ரா. வாதத்தில் இறங்கினார். துணைக்கு வந்தவர் 'சிட்டி' என்ற பெ.கோ. சுந்தரராஜன். பாரதியாரின் பாட்டுக்களை எடுத்து வைத்து, அவற்றில் உள்ள கவிதை அழகை இருவரும் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்ற புத்தகமாக 1937-ம் ஆண்டில் வெளிவந்தன. பாரதியாரைக் கவிஞராக அலசிப் பார்த்த முதல் நூல்களில் அது ஒன்று.

பட்டணமும் பஞ்சமும்

எழுத்தை நம்பியவருக்குப் பட்டணம்தான் கதி. கு.ப.ரா. சென்னைக்குப் போனார். 'பாரதமணி', 'பாரததேவி' முதலிய பத்திரிகைகளில் வேலை செய்தார். கதை, கட்டுரை, நாடகம், மொழிபெயர்ப்பு என்று எதைக் கேட்டாலும் எழுதினார். ஸ்டீவன்சன் என்ற ஆங்கில எழுத்தாளரின் புகழ்பெற்ற கதையை 'இரட்டை மனிதன்' என்ற பெயரில் தமிழில் தந்தார். ஒரே பத்திரிகையில் பல வேலைகள் செய்யவேண்டி வந்ததால் பல புனைபெயர்களும் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு உழைத்தும் வருமானம் கைக்கும் வாய்க்குமே போதவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. பத்திரிகை நின்றால் சம்பளமும் நின்றது.

கடைசியில் கும்பகோணத்துக்கே திரும்பினார். 'மறுமலர்ச்சி நிலையம்' என்ற பெயரில் புத்தகக் கடை வைத்தார். எழுதத் தெரிந்தவருக்கு விற்கத் தெரியுமா? வியாபாரம் பெரிதாக நடக்கவில்லை.

ஆனால் காசுக்கு வாங்க முடியாத ஒன்று அந்தச் சமயத்தில் அவரைத் தேடி வந்தது.

கரிச்சானும் குஞ்சும்

தஞ்சை ஜில்லாவின் இளைஞர்கள் சிலர் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. எல்லாருக்கும் எழுத ஆசை.

ஒருவர் தி. ஜானகிராமன். தேவங்குடியில் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியில் படித்தவர். இன்னொருவர் எம்.வி. வெங்கட்ராம். கும்பகோணத்துச் சௌராஷ்டிரர். பட்டுச் ஜரிகை வியாபாரம் செய்த குடும்பம். பதினாறு வயதிலேயே மணிக்கொடியில் கதை எழுதிவிட்டவர். மூன்றாமவர் ஆர். நாராயணசாமி. வடமொழியும் தமிழும் நன்கு கற்றவர்.

இவர்களுக்குக் கு.ப.ரா. வகுப்பு நடத்தவில்லை. கதை எழுதுவது எப்படி என்று பாடமும் சொல்லவில்லை. சமமாக உட்காரவைத்துப் பேசினார். நல்லது கண்டால் மகிழ்ந்தார். அந்த நட்பே அவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

நாராயணசாமிக்குக் கு.ப.ரா.விடம் அளவற்ற பக்தி. கு.ப.ரா.வின் புனைபெயர்களில் ஒன்று 'கரிச்சான்.' கரிச்சான் என்றால் கரிக்குருவி. பொழுது விடியுமுன்னே கூவி எழுப்புகிற பறவை. குரு கரிச்சான் என்றால் சீடன் யார்? குஞ்சுதானே! நாராயணசாமி தமக்குக் 'கரிச்சான் குஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டார். கடைசிவரை அந்தப் பெயரிலேயே எழுதினார்.

1943-ம் ஆண்டு வாக்கில், துறையூரிலிருந்து வெளிவந்த 'கிராம ஊழியன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு கு.ப.ரா.வுக்குக் கிடைத்தது. தாமும் எழுதினார். இளைஞர்களையும் எழுத வைத்தார். தி. ஜானகிராமனின் முதல் நாவலான 'அமிர்தம்' அந்தப் பத்திரிகையில்தான் தொடராக வந்தது. கு.ப.ரா.வும் 'வேரோட்டம்' என்ற நாவலை ஆரம்பித்தார்.

முடியாத நாவல்

அந்த நாவலை அவர் முடிக்கவில்லை. காலன் முந்திக்கொண்டான்.

கால்களில் பொல்லாத நோய் கண்டது. ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும் நோய் அது. நோய் மேலே ஏறாமல் இருக்கக் கால்களை எடுத்துவிடவேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கு.ப.ரா. சம்மதிக்கவில்லை. கண் போன காலத்தை அவர் வென்றார். இந்த நோயை வெல்ல முடியவில்லை.

1944-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி கும்பகோணத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 42. குடும்பத்துக்கு அவர் விட்டுப்போனது பணம் அல்ல, எழுதிய காகிதங்கள்தான்.

தோப்பாகிய மரம்

எழுத்தை நம்பி உத்தியோகத்தை விட்டது தவறா? கணக்குப் பார்த்தால் தவறு என்றுதான் தோன்றும். மனைவி மக்கள் பட்ட கஷ்டம் சிறிதல்ல. ஆனால் அந்தக் கணக்கில் சேராத வரவு ஒன்றும் உண்டு.

அவரிடம் வந்த இளைஞர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள்.

தி. ஜானகிராமன் 'மோகமுள்' எழுதினார். கும்பகோணத்தின் தெருக்களும் சங்கீதமும் அதில் உயிரோடு இருக்கின்றன. 1979-ம் ஆண்டு அவருக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது.

எம்.வி. வெங்கட்ராம் வியாபாரத்தில் நொடித்தார். காதுக்குள் இடைவிடாமல் குரல்கள் கேட்கும் துன்பத்தாலும் வாடினார். அந்தத் துன்பத்தையே 'காதுகள்' என்ற நாவலாக்கினார். அதற்கு 1993-ம் ஆண்டில் சாகித்திய அகாதமிப் பரிசு வந்தது.

கரிச்சான் குஞ்சு பள்ளிக்கூட ஆசிரியராக உழைத்தார். 'பசித்த மானிடம்' என்ற நாவலை எழுதினார். தம் குரு கு.ப.ரா.வைப் பற்றியும் ஒரு நூல் எழுதி நன்றிக் கடன் தீர்த்தார்.

பழைய நண்பர் பிச்சமூர்த்தி 1976-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். 1959-ல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியபோது, மறுபடியும் கவிதை எழுதி இளைஞர்களுக்கு வழிகாட்டினார்.

தனி மரம் தோப்பாகாது என்பார்கள். எழுதுவது என்னவோ தனி ஆளின் வேலைதான். ஆனால் அந்தத் தனி ஆளுக்கு எழுதிக் கொடுக்க ஒரு தங்கை வேண்டும். கேட்டு ரசிக்க ஒரு நண்பன் வேண்டும். தொடர்ந்து நடக்க நாலு இளைஞர்கள் வேண்டும். கு.ப.ரா.வுக்கு அந்த மூன்றும் கிடைத்தன. அவரும் அவர்களுக்குத் தம்மையே கொடுத்தார்.

'ஏர் புதிதா?' என்று அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். சித்திரை பிறந்ததும் உழவர்கள் நல்ல நாள் பார்த்து, மாட்டையும் ஏரையும் பூட்டி, முதல் உழவு செய்யும் வழக்கத்தைப் பற்றியது அது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலிலும் அந்தக் கவிதை இடம் பெற்றது.

கண்ணுக்கு எதுவும் தெரியாத நாளில் கதை சொன்னவர் அவர். பிள்ளைகள் அவருடைய வரிகளைக் கண்ணால் பார்த்து, வாய்விட்டு வாசித்தார்கள். உழுதவர் போய்விட்டார். விளைச்சல் நிற்கவில்லை!